வீட்டு வசதிகளும் கிராம மாதரின் வேலைப் பளுவும்

கிராம முன்னேற்றம் என்றவுடன் நம் நினைவுக்கு வருவன சாலை, பாலம், ஏரி மராமத்து, பள்ளிக் கட்டடம், தெரு விளக்கு முதலியவையே. இவை யாவும் இன்றியமையாதவை என்பதில் ஐயமில்லை. ஆனால் கிராம மக்களுள் ஏறத்தாழச் சரிபாதியினரான பெண்கள் தம் பகற்பொழுதின் பெரும்பகுதியைக் கழிப்பது அடுப்படியிலும், தண்ணீர்த் துறையிலும், மாட்டுத் தொழுவத்திலும், வயலிலுமே. வயல் வேலைக்கேனும் கூலி உண்டு. வீட்டு வேலைக்குக் கூலியும் இல்லை; கணக்கும் இல்லை. கணக்கில் வராத வேலை திட்டத்திலும் இடம்பெறாமற் போவது இயல்பு.

கடந்த 70 ஆண்டுகளில் இவ்வேலையின் உருவம் பெரிதும் மாறிவிட்டது. உலக்கையின் இடத்தை அரிசி ஆலை பெற்றது. கிணற்றுக் கயிற்றின் இடத்தை அடிபம்பும், பின்னர்க் குழாயும் பெற்றன. ஆட்டுக்கல் இருந்த இடத்தில் கிரைண்டரும், விறகடுப்பு இருந்த இடத்தில் எரிவாயு அடுப்பும் வந்துள்ளன. இவற்றால் பெண்களின் உடல் வருத்தம் குறைந்தது உண்மை. ஆயினும் அவர்களுடைய ஓய்வு நேரமும் அதே அளவிற்குப் பெருகியதா? மிச்சமான நேரம் யாருக்குப் போய்ச் சேர்ந்தது? இக்கேள்விகளைப் பஞ்சாயத்து உறுப்பினர்களும் விவசாயப் பெருமக்களும் ஆராய்ந்து பார்க்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

உரலும் உலக்கையும்

அரிசி ஆலைகள் பரவுவதற்கு முன்னர், ஒரு வேளைச் சோற்றுக்குப் பின்னே எவ்வளவு உழைப்பு இருந்தது என்பதை இக்கால இளைஞர்கள் அறியமாட்டார்கள். நெல்லை ஊறவைத்து, அவித்து, களத்தில் உலர்த்தி, பறவைகளிடமிருந்தும் மழையிலிருந்தும் காத்து, உரலிலிட்டுக் குத்தி, முறத்தாற் புடைத்து, தவிடும் நொய்யும் பிரித்து எடுக்க வேண்டும். கம்பை நீர் தெளித்துக் குத்தி உமி நீக்கிய பிறகே இடிக்கலாம். கேழ்வரகைத் திருகையில் திரிக்க வேண்டும். வரகின் மேலுறையோ மிகக் கடினமானது. அதனைத் திருகையிலிட்டு உமியை உடைத்து, மீண்டும் உரலிற் குத்திப் பன்முறை புடைத்தால்தான் உலைக்கு ஆகும். இத்தனையும் பெரும்பாலும் பெண்களின் வேலை. வயலுக்குப் போவதற்கு முன்னும், வயலிலிருந்து திரும்பிய பின்னும் செய்யும் வேலை.

ஹல்லர் எனப்படும் சிறிய அரிசி ஆலை கிராமத்திற்கு வந்தபோது இவ்வேலை சில நிமிடங்களில் முடியலாயிற்று. ஆலையைப் பெண்கள் மகிழ்ச்சியுடன் வரவேற்றதில் வியப்பில்லை. எனினும் அதனுடன் இரண்டு இழப்புகளும் வந்தன.

முதலாவது இழப்பு உணவுச் சத்தைப் பற்றியது. அரிசியை வெண்மையாகத் தீட்டுகையில் தவிட்டுடன் உயிர்ச்சத்து பி1 பெரும்பகுதி போய்விடுகிறது. அச்சத்து மிகவும் குறைந்தால் ‘பெரிபெரி’ என்னும் நோய் உண்டாகும். புழுங்கலரிசியில் இச்சத்து ஓரளவு அரிசிக்குள்ளேயே தங்கிவிடுவது நம் மக்களுக்கு ஒரு பாதுகாப்பாக இருந்தது. தஞ்சாவூரிற் பிறந்து, காந்தியடிகளின் கிராமத் தொழிற் பணிகளுக்குத் துணைநின்ற ஜே. சி. குமரப்பா அவர்கள் கைக்குத்தல் அரிசியை இடைவிடாது வலியுறுத்தி வந்ததற்கு இச்சத்திழப்பும் ஒரு காரணமாகும்.

இரண்டாவது இழப்பு கூலியைப் பற்றியது. நிலமற்ற ஏழைப் பெண்கள் பலர், வசதியுள்ள வீடுகளுக்கு நெல் குத்திக் கொடுத்து, கூலியாக அரிசியும் நொய்யும் பெற்று வந்தனர். மழைக்காலத்தில் வயல் வேலை இல்லாதபோது அவர்கள் வீட்டில் அடுப்பெரிந்தது அந்த நொய்யினாற்றான். ஆலை வந்ததும் நிலமுள்ள வீட்டுப் பெண்ணுக்கு ஓய்வு கிடைத்தது. நிலமற்ற வீட்டுப் பெண்ணுக்குக் கூலி போயிற்று. 1955 ஆம் ஆண்டில் கார்வே குழு கைக்குத்தல் தொழிலைப் பாதுகாக்கப் பரிந்துரை செய்தது. 1958 ஆம் ஆண்டில் அரிசி ஆலைகளை ஒழுங்குபடுத்த மத்திய அரசு சட்டம் இயற்றியது. ஆயினும் ஆலைகள் பெருகின. உலக்கை மூலையிற் சாய்ந்தது. உடலை வருத்தும் வேலையைச் சட்டத்தால் நிலைநிறுத்த முடியாது, நிலைநிறுத்தவும் வேண்டியதில்லை. ஆனால் அந்தக் கூலிக்கு மாற்று என்ன என்ற கேள்விக்கு அன்று பல கிராமங்களில் விடை காணப்படவில்லை.

இதிலிருந்து நாம் பெறும் முதற் பாடம் இதுவே: ஒரு வீட்டிற்கு வசதியாக வருவது மற்றொரு வீட்டின் கூலியை எடுத்துக்கொண்டு போகலாம். எந்தப் புதிய இயந்திரம் ஊருக்குள் வந்தாலும், அது யாருடைய கையிலிருந்த வேலையை எடுத்துக்கொள்கிறது என்று பஞ்சாயத்து முதலிற் கேட்க வேண்டும்.

இதற்கு மாறாக, இயந்திரத்தாலேயே பெண்களுக்கு நன்மை விளைந்த ஓர் எடுத்துக்காட்டையும் கூறலாம். நாமக்கல் மாவட்டத்துக் கொல்லிமலையில் சாமை, தினை முதலிய சிறுதானியங்களின் பயன் குறைந்து வந்ததற்கு, அவற்றைக் குத்தும் வேலையின் கடுமையும் ஒரு காரணமாக இருந்தது. எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அங்குச் சிறுதானியங்களின் உமி நீக்கும் இயந்திரங்களை அமைக்க உதவி, அவற்றை மகளிர் குழுக்களின் பொறுப்பில் விட்டது. வேலையும் எளிதாயிற்று, இயந்திரத்தால் வரும் வருவாயும் பெண்கள் கையிலேயே நின்றது. ஆலை ஒன்றே, அது யார் கையில் இருக்கிறது என்பதில்தான் வேறுபாடு.

தண்ணீர்க் குடம்

பெண்களின் நேரத்தை அதிகமாக விழுங்குவது தண்ணீர் என்று கூறினால் மிகையாகாது. வறட்சி மிகுந்த மாவட்டங்களில் விடியுமுன்பே கிணற்றடியில் குடங்கள் வரிசையில் நிற்பதை நாம் கண்டிருக்கிறோம்.

இத்துறையில் ஒரு பெரிய மாறுதலை உண்டாக்கியது ‘இந்தியா மார்க் 2’ என்ற அடிபம்பு. அதற்கு முன் நிறுவப்பட்ட வார்ப்பிரும்புப் பம்புகள் ஒரு குடும்பத்தின் உபயோகத்திற்கு ஏற்றவை. ஊர் முழுவதும் அடித்தால் விரைவிற் பழுதாகிவிடும். 1970-களில், மகாராஷ்டிரத்துச் சோலாப்பூரில் உருவான பம்பின் அமைப்பைத் தழுவி, யூனிசெப் நிறுவனத்தின் துணையுடன் இப்புதிய பம்பு வடிவமைக்கப்பட்டு, நம் கோயம்புத்தூர்ப் பகுதியில் சோதித்துப் பார்க்கப்பட்டது. ஆழ்துளைக் கிணற்றிலிருந்து நாள் முழுவதும் நீரிறைக்க வல்லதாக அது அமைந்தது. பின்னர் உலகின் பல நாடுகளுக்கும் அது பரவியது நமக்குப் பெருமை தருவதாகும்.

அடிபம்பிற்குப் பின் மேல்நிலைத் தொட்டிகளும் தெருக்குழாய்களும் வந்தன. 2019 ஆம் ஆண்டு ஆகஸ்டு 15 ஆம் நாள் அறிவிக்கப்பட்ட ஜல் ஜீவன் இயக்கம், ஒவ்வொரு கிராம வீட்டிற்கும் குழாய் இணைப்பும், ஆளொன்றுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் நீரும் அளிப்பதைக் குறிக்கோளாகக் கொண்டது.

இந்த 55 லிட்டர் என்பதை ஒரு பெண்ணின் இடுப்பில் ஏற்றிப் பார்த்தால் அதன் பொருள் விளங்கும். ஐந்து பேர் உள்ள குடும்பத்திற்கு 275 லிட்டர் வேண்டும். 15 லிட்டர் பிடிக்கும் குடத்தால் சுமந்தால் 18 நடைக்கு மேல் ஆகும். நீரின் எடை மட்டுமே 275 கிலோ. வரிசையில் நிற்பதும் சேர்த்து நடைக்கு 10 நிமிஷம் என்று கொண்டாலும் மூன்று மணி நேரம் சென்றுவிடும். குழாய் இல்லாத வீட்டார் இவ்வளவு நீரைச் செலவிடுவதில்லை, செலவிட முடிவதில்லை. அவர்கள் குறைத்துக்கொள்வது குளிப்பையும், துணி துவைப்பதையும், கை கழுவுவதையுமே. ஆகவே குழாய் என்பது ஆடம்பரமன்று; நாளொன்றுக்கு மூன்று மணி நேரமும், குடும்பத்தின் ஆரோக்கியமும் அதில் அடங்கியுள்ளன.

எனினும் குழாய் போட்டதுடன் வேலை முடிந்துவிடுவதில்லை. நான் பணியாற்றிய ஓர் ஒன்றியத்தில், எல்லா வீடுகளுக்கும் இணைப்புக் கொடுக்கப்பட்ட ஒரு சிற்றூரில், பெண்கள் முன்போலவே தொலைவிலுள்ள கிணற்றுக்குச் சென்று வந்தனர். காரணம் என்னவென்றால், தொட்டியிலிருந்து நீர் திறந்துவிடப்பட்ட நேரம் காலை 10 மணி. அந்நேரத்தில் வீட்டில் பெண்கள் எவரும் இல்லை. நடவு வயலில் இருந்தனர். தொட்டி இயக்குபவரின் வசதிக்காக வகுக்கப்பட்ட நேரம் அது. பஞ்சாயத்துக் கூட்டத்தில் இதனை ஒரு பெண் உறுப்பினர் எடுத்துரைத்த பின், காலை 5½ மணிக்கும் மாலை 5 மணிக்கும் நீர் விடுவதென்று தீர்மானிக்கப்பட்டது. ஒரு ரூபாயும் செலவில்லாமல் அச்சிற்றூரில் அநேக வீடுகளின் வேலை நேரம் குறைந்தது. வசதியை அமைப்பது ஒன்று. அது பயன்படுவோரின் நேரத்திற்குப் பொருந்துமாறு நடத்துவது மற்றொன்று. இரண்டாவதைச் செய்யப் பஞ்சாயத்தைத் தவிர வேறு எவராலும் முடியாது.

அடுப்பும் புகையும்

விறகு, விளார், எருமுட்டை, சோளத்தட்டை ஆகியவற்றை எரிக்கும் அடுப்பின் புகை, கண்ணையும் நுரையீரலையும் கெடுப்பது என்பது யாவரும் அறிந்ததே. அப்புகையில் அதிக நேரம் இருப்போர் சமைக்கும் பெண்களும் அவர்கள் இடுப்பிலுள்ள குழந்தைகளுமே.

புகையில்லா அடுப்பைப் பரப்பும் முயற்சி சமுதாய வளர்ச்சித் திட்டத்தின் தொடக்க நாட்களிலேயே மேற்கொள்ளப்பட்டது. 1980-களில் அதற்கென்றே தேசிய அளவில் ஒரு திட்டமும் நடந்தது. அடுப்புகள் ஏராளமாகக் கட்டப்பட்டன. ஆனால் பல இடங்களில் சில காலத்திற்குப் பின் அவை கைவிடப்பட்டன. புகைபோக்கியில் கரி அடைத்துக்கொண்டால் அதைச் சுத்தம் செய்வார் இல்லை. அடுப்பின் வாய்க்குப் பொருந்தும் அளவில் விறகைச் சிறிதாகப் பிளந்தாக வேண்டும். களி கிண்டும்போது அடுப்பு ஆடாமல் நிற்க வேண்டும். பெரிய பானை அமர இடம் வேண்டும். இவற்றைச் சமைப்பவரிடம் கேட்டு அறியாமல் அமைத்த அடுப்புகள் நிலைக்கவில்லை.

பின்னர் எரிவாயு வந்தது. தமிழ்நாட்டில் 2006 ஆம் ஆண்டிற்குப் பின் ஏழைக் குடும்பங்களுக்கு அரசு எரிவாயு அடுப்பும் இணைப்பும் வழங்கியது. 2016 ஆம் ஆண்டு மே மாதம் 1 ஆம் நாள் மத்திய அரசின் உஜ்வலாத் திட்டம் தொடங்கிற்று. ஆயினும் 2019–21 ஆம் ஆண்டுகளில் எடுக்கப்பட்ட தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, நாட்டின் கிராமப்புறக் குடும்பங்களில் 43.2 விழுக்காட்டினரே சமையலுக்குத் தூய எரிபொருளைப் பயன்படுத்தினர்.

இணைப்புப் பெற்ற வீடுகளிலுங்கூட, தேநீருக்கும் அவசரச் சமையலுக்கும் எரிவாயு, சோற்றுக்கும் வெந்நீருக்கும் விறகு என்ற வழக்கத்தைக் காண்கிறோம். சிலிண்டருக்குப் பணம் கொடுக்க வேண்டும்; விறகு இலவசம் என்று கூறுவார்கள். சற்று எண்ணிப் பார்த்தால், விறகு இலவசமன்று என்பது புலப்படும். சீமைக்கருவேல முள்ளை வெட்டிக் கட்டித் தலையில் சுமந்து வர அரை நாள் ஆகிறது. அந்த அரை நாளுக்கு விலை போடாததனாற்றான் விறகு இலவசமாகத் தோன்றுகிறது. விறகு இலவசம் என்று சொல்வது பெண்ணின் நேரம் இலவசம் என்று சொல்வதேயாகும். அவள் அந்த அரை நாளில் கூலி வேலைக்குச் சென்றால் எவ்வளவு ஈட்டுவாள் என்பதைக் குடும்பத் தலைவர் கணக்கிட்டுப் பார்த்தால், சிலிண்டரின் விலை வேறுவிதமாகத் தோன்றும்.

கிரைண்டரும் இட்லியும்

மாவரைக்கும் கிரைண்டர் நம் தமிழ்நாட்டின் கைத்திறனால் பிறந்த இயந்திரம். கோயம்புத்தூரில் உருவாகி வளர்ந்த இத்தொழில் புவிசார் குறியீடும் பெற்றுள்ளது. ஆட்டுக்கல்லில் ஒரு மணி நேரத்திற்குக் குறையாமல் குழவி சுற்ற வேண்டிய வேலையை, இது தானே செய்துவிடுகிறது. 2011 ஆம் ஆண்டு செப்டம்பர் 15 ஆம் நாள் மிக்சி, கிரைண்டர், மின்விசிறி ஆகியவற்றை விலையின்றி வழங்கும் திட்டத்தைத் தமிழக அரசு தொடங்கியபின், இதுவரை செல்வர் வீட்டுப் பொருளாயிருந்தவை குடிசைகளுக்கும் வந்தன.

இங்கு நாம் கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்று உண்டு. முன்பு இட்லியும் தோசையும் பல கிராமங்களில் தீபாவளி முதலிய விசேஷ நாட்களுக்கு உரியவை. மற்ற நாட்களில் களியோ கூழோ ஒரு முறை காய்ச்சினால் மறுநாள் காலை வரையில் வரும். கிரைண்டர் வந்தபின் இட்லி அன்றாட உணவாயிற்று. காலையில் ஒரு பலகாரம், பள்ளிக்குச் செல்லும் பிள்ளைக்கு டப்பாவில் ஒரு சாதம், இரவில் சூடாக வேறொன்று என்று சமையல் பெருகியது. பிள்ளைகளின் சீருடை நாள்தோறும் வெளுப்பாக இருக்க வேண்டும். அதனால் துவையலும் பெருகியது. இவை நல்ல மாற்றங்களே. பிள்ளைகள் வயிறார உண்பதையும் சுத்தமாக உடுப்பதையும் யார் குறை கூறுவர்? ஆனால் இயந்திரம் மிச்சப்படுத்திய ஒரு மணி நேரம் ஓய்வாக மாறவில்லை. புதிய வேலையாக மாறிற்று.

இது நம் நாட்டிற்கு மட்டும் உரியதன்று. வீட்டு இயந்திரங்கள் நமக்கு முன்னரே பெருகிய அமெரிக்காவில், ஜோன் வானக் என்ற ஆராய்ச்சியாளர் 1974 ஆம் ஆண்டில் ஒரு கணக்கை வெளியிட்டார். வெளிவேலைக்குச் செல்லாத இல்லத்தரசி 1924 ஆம் ஆண்டில் வாரத்திற்குச் சுமார் 52 மணி நேரம் வீட்டு வேலை செய்தாள். 1960-களில் சுமார் 55 மணி நேரம் செய்தாள். இடையில் துணி துவைக்கும் இயந்திரமும், குளிர்சாதனப் பெட்டியும் வந்திருந்தும் நேரம் குறையவில்லை. துவைக்கும் இயந்திரம் வந்தபின் துணி அடிக்கடி துவைக்கப்பட்டது. முன்பு வண்ணாரிடம் அனுப்பிய துணியும் வீட்டிற்கே திரும்பி வந்தது. உடல் வருத்தம் குறைந்தது, மணிக்கணக்குக் குறையவில்லை.

வெளிவேலை மாறிய வகை

வீட்டிற்குள் வசதிகள் வந்த அதே காலத்தில் வெளியிலும் வேலை மாறிற்று. நாற்று நடுதல், களை எடுத்தல், அறுவடை ஆகியவை பெண்களுக்கு முக்கியமான கூலி வேலைகள். அறுவடை இயந்திரமும், களைக்கொல்லி மருந்தும், நடவு இயந்திரமும் வந்தபின் இவ்வேலை நாட்கள் குறைந்தன. உலக்கைக்கு நேர்ந்ததே அரிவாளுக்கும் நேர்ந்தது. மற்றொரு புறம், ஆண்கள் நகரங்களுக்கும் வெளிநாட்டிற்கும் வேலை தேடிச் சென்றமையால், நீர் பாய்ச்சுதல், உரம் வாங்குதல், வங்கிக்குச் செல்லுதல் ஆகியவையும் பல வீடுகளில் பெண்களின் தலையில் விழுந்தன. கறவை மாட்டின் வேலையும் பெரும்பாலும் பெண்களுடையதே. ஆனால் பாற்கூட்டுறவுச் சங்கத்தின் பதிவேட்டில் அநேக வீடுகளில் ஆணின் பெயரே இருக்கக் காண்கிறோம்.

2005 ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட ஊரக வேலை உறுதிச் சட்டத்தின் கீழ் நடந்த வேலைகளில், தமிழ்நாட்டில் கலந்துகொண்டோருள் பெரும்பான்மையினர் பெண்களாக இருந்தனர். சொந்த ஊரிலேயே வேலை, ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கூலி, வங்கிக் கணக்கிற் பணம் என்பவை அதற்குக் காரணங்கள். திருப்பூர்ப் பின்னலாடை ஆலைகளுக்கும், ஆம்பூர்த் தோல் தொழிற்சாலைகளுக்கும், திருப்பெரும்புதூர் வட்டாரத்துத் தொழிற்கூடங்களுக்கும் இளம் பெண்கள் பலர் வேலைக்குச் சென்று வருகின்றனர். இவர்கள் வெளியிற் செல்வதால் வீட்டு வேலை குறைந்துவிடுவதில்லை. வேலைக்குச் செல்லும் பெண் விடியுமுன் எழுந்து அதனை முடிக்கிறாள். அல்லது மாமியாரோ, பள்ளியில் படிக்கும் பெண் குழந்தையோ அதனை ஏற்கிறார்கள்.

இச்சுமையைக் குடும்பத்திலிருந்து ஊர்ப் பொதுவிற்கு மாற்றிய திட்டங்களே பெண்களுக்கு மெய்யான ஓய்வைத் தந்துள்ளன எனலாம். 1982 ஆம் ஆண்டு ஜூலை மாதம் 1 ஆம் நாள் தொடங்கிய சத்துணவுத் திட்டம் அவற்றுள் தலையாயது. ஊர்ப் பிள்ளைகளின் மதிய உணவு ஒரே சமையற்கூடத்திற்கு வந்தது. வீட்டிற் கூலியின்றி நடந்த வேலை, சமையலரும் உதவியாளரும் ஆகிய பெண்களுக்கு ஊதியம் தரும் வேலையாயிற்று. 2022 ஆம் ஆண்டு செப்டம்பரில் தொடங்கிய காலை உணவுத் திட்டமும் இவ்வகையினதே. அங்கன்வாடி மையமும், 2021 முதல் சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் பெண்களுக்கு அளிக்கப்பட்ட கட்டணமில்லாப் பயணமும் இவ்வரிசையிற் சேர்வன. 2023 ஆம் ஆண்டு செப்டம்பர் 15 ஆம் நாள் தொடங்கிய மாதம் 1,000 ரூபாய் வழங்கும் திட்டத்திற்கு ‘உதவித் தொகை’ என்று பெயரிடாமல் ‘உரிமைத் தொகை’ என்று பெயரிட்டது, வீட்டு வேலைக்கும் மதிப்பு உண்டு என்பதை அரசு ஏற்றுக்கொண்டதன் அடையாளமாகும்.

மணிக்கணக்கு கூறுவது என்ன?

மத்தியப் புள்ளியியல் துறை 2019 ஆம் ஆண்டிலும் 2024 ஆம் ஆண்டிலும், மக்கள் நாள்தோறும் தம் நேரத்தை எவ்வாறு செலவிடுகின்றனர் என்று நாடு முழுவதும் ஆய்வு செய்தது. ஊதியமில்லா வீட்டு வேலையில் ஈடுபட்டோரின் சராசரியைப் பார்ப்போம். 2019-இல் பெண்கள் நாளொன்றுக்கு 299 நிமிஷமும், ஆண்கள் 97 நிமிஷமும் செலவிட்டனர். 2024-இல் பெண்கள் 289 நிமிஷமும், ஆண்கள் 88 நிமிஷமும் செலவிட்டனர். அன்றியும், 2019-இல் பெண்களில் 81.2 விழுக்காட்டினர் இவ்வேலையில் ஈடுபட்டிருக்க, ஆண்களில் 26.1 விழுக்காட்டினரே ஈடுபட்டிருந்தனர்.

இவ்வெண்களை ஊன்றிப் பார்த்தால் ஓர் உண்மை தெளிவாகும். குழாயும் எரிவாயுவும் விரைவாகப் பரவிய ஐந்து ஆண்டுகளில், பெண்களின் வேலை 10 நிமிஷம் குறைந்தது. ஆண்களின் வேலையும் 9 நிமிஷம் குறைந்தது. இருவருக்கும் இடையேயுள்ள வேறுபாடு 202 நிமிஷத்திலிருந்து 201 நிமிஷமாயிற்று. அதாவது ஒரே ஒரு நிமிஷம். வசதிகள் வேலையின் கடுமையைக் குறைக்கும். வேலையைப் பங்கிட்டுக் கொடுக்கமாட்டா. பங்கிடுவது மனிதர்கள் செய்ய வேண்டிய காரியம்.

பஞ்சாயத்து செய்யக்கூடியவை

இக்காரியத்தில் பஞ்சாயத்திற்கு நிறைய இடம் உண்டு. பெரும் பொருட்செலவு வேண்டாதனவாகச் சிலவற்றை இங்குக் குறிப்பிடுகிறேன்.

1. கிராம சபை கூடும் நாட்களில் ஒன்றிலேனும், பெண்கள் தம் ஒரு நாளை எவ்வாறு செலவிடுகின்றனர் என்பதைத் தெருவாரியாகக் கேட்டு எழுதுதல் வேண்டும். தண்ணீருக்கு எத்தனை மணி, விறகுக்கு எத்தனை மணி, ரேஷன் கடையில் எத்தனை மணி என்று தெரிந்தால், அடுத்த ஆண்டில் எந்த வேலையை முதலில் எடுப்பது என்பது தானே விளங்கும். கூட்டத்தின் நேரமும் பெண்கள் வருவதற்கு ஏற்றதாக இருக்க வேண்டும்.

2. குடிநீர் விடும் நேரத்தைப் பயன்படுத்துவோரே தீர்மானிக்க வேண்டும். அந்நேரத்தைப் பலகையில் எழுதி வைத்தல் நலம். மோட்டார் பழுதானால் எத்தனை நாளில் சரிசெய்யப்படுகிறது என்பதைப் பதிவேட்டில் குறித்து வர வேண்டும். பழுதான ஒவ்வொரு நாளும் ஊர்ப் பெண்கள் மீண்டும் குடம் தூக்கும் நாளாகும்.

3. மாவு அரைக்கும் இயந்திரம், மிளகாய் அரைக்கும் இயந்திரம், சிறுதானிய உமி நீக்கும் இயந்திரம் முதலியவற்றை மகளிர் குழுக்களின் பொறுப்பில் அமைக்க முயலலாம். குழாயடியில் துவைகல்லும், கழிவுநீர் செல்ல வழியும் அமைத்தால், துணி மூட்டையுடன் தொலைவு செல்வது நிற்கும்.

4. வயலுக்குப் புதிய இயந்திரம் வரும்போது, அதனை இயக்கும் பயிற்சி பெண்களுக்கும் கிடைக்க வேண்டும். களை எடுத்து வந்த பெண்ணே களையெடுக்கும் கருவியை இயக்கக் கற்றால், வேலை அவள் கையை விட்டுப் போகாது. வேளாண்மைப் பொறியியல் துறையாரை அணுகி இதற்கு ஏற்பாடு செய்யலாம். உலக்கை போனபோது செய்யத் தவறியதை இப்போதேனும் செய்ய வேண்டும்.

5. அங்கன்வாடி திறந்திருக்கும் நேரமும் அவ்வூர்ப் பெண்கள் வேலைக்குச் செல்லும் நேரமும் எவ்வளவு பொருந்துகின்றன என்று ஆராய்ந்து, வேறுபாடு இருப்பின் உரிய அதிகாரிகளின் கவனத்திற்குக் கொண்டுவருதல் வேண்டும்.

6. பாற்சங்கம், விவசாயச் சங்கம், பயிர்க் காப்பீடு ஆகியவற்றில், வேலை செய்யும் பெண்ணின் பெயரே உறுப்பினராகப் பதிவாவதை ஊக்குவிக்க வேண்டும்.

இவற்றுக்கெல்லாம் மேலாக ஒன்று உண்டு. அது எந்தத் திட்டத்திலும், எந்த மானியத்திலும் அடங்காது. வீட்டு ஆண்மக்கள் தாமே கைகொடுத்தலே அது. விறகு பிளப்பது ஒருகாலத்தில் ஆண்களின் வேலையாக இருந்தது. எரிவாயு வந்ததும் அவ்வேலை ஒழிந்தது. பிளந்து முடித்த கோடரியை வைத்துவிட்டு ஆண் ஓய்வு பெற்றான். பெண் அடுப்பின் முன்னிலேயே நின்றாள். ஒழிந்த வேலைக்கு ஈடாக வேறொன்றை ஆண்கள் ஏற்றுக்கொள்வதுதானே நியாயம்? குழாயில் நீர் பிடித்து வைப்பதும், கிரைண்டரைக் கழுவி வைப்பதும், பிள்ளையைப் பள்ளிக்கு ஆயத்தம் செய்வதும் ஆணுக்கு இழுக்கு ஆகா. மகனுக்கும் மகளுக்கும் வீட்டு வேலையைச் சமமாகப் பழக்கினால், அடுத்த ஆய்வில் அந்த 201 நிமிஷம் குறையும்.

உள்ளாட்சி மன்றங்களில் பெண்களுக்கு இடஒதுக்கீடு 1993 ஆம் ஆண்டின் அரசியலமைப்புத் திருத்தத்தால் மூன்றில் ஒரு பங்காக உறுதி செய்யப்பட்டது. தமிழ்நாட்டில் 2016 ஆம் ஆண்டில் அது சரிபாதியாக உயர்த்தப்பட்டது. ஆனால் இடம் கிடைத்தால் மட்டும் போதாது. கூட்டத்திற்கு வர நேரமும் கிடைக்க வேண்டும். கூட்டம் நடக்கும் நேரத்தில் தண்ணீருக்கு நிற்க வேண்டிய பெண் உறுப்பினர், கையெழுத்திட மட்டுமே வர முடியும்.

ஆகவே குழாய், அடுப்பு, ஆலை ஆகியவற்றை எண்ணிக்கையாக அறிக்கையில் எழுதுவதுடன் நில்லாமல், அவற்றால் எத்தனை மணி நேரம் மிச்சமாயிற்று, அந்நேரம் பெண்களின் கையிலேயே நின்றதா என்பதையும் பஞ்சாயத்துகள் கேட்டறிய முன்வர வேண்டும். அந்நேரத்தில் அவள் படிக்கலாம், தொழில் செய்யலாம், சங்கத்திற்குச் செல்லலாம், அல்லது திண்ணையில் அமர்ந்து சற்று இளைப்பாறலாம். எதைச் செய்வது என்பதை அவளே முடிவு செய்யட்டும்.